கையெழுத்துப் போடாத மாதங்கள்

ஜூன் 4, செவ்வாய்

ஜனவரியில் ஃபாதர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைக்குரிய புனிதரின் பெயர் அச்சடித்திருக்கும். ஐந்து மாதமாக அரிசி டப்பாவின் மேல் மூடிக்குப் பதிலாகக் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்துவிட்டேன்.

காரணம் உண்டு. இவர் வீட்டில் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம். மே மாதம் மட்டும் வருவார், ஜூன் பிறந்தால் கோவாவுக்குப் பெட்டி கட்டிவிடுவார். இந்த ஜூனில் பெட்டி பரணில் கிடக்கிறது. காலையில் ஐந்து தோசை சாப்பிட்டுவிட்டு, "சட்னி கொள்ளாம்" என்று மெச்சினார். எழுதி வைக்க இது போதாதா?

கால்பந்து கிளப்போடு இருந்த ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்தது. மாண்டோவி யுனைடெட் புது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. போன சீசனில் அவர்களுக்கு அதிக கோல் அடித்தவர் என் ஜோவின்தான், விடுவார்களா? ஆனால் இவர் கையெழுத்துப் போடவில்லை. "சம்பளம் காணாது, கூட வேணும்" என்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் போடாவிட்டால் ஜனவரி வரைக்கும் எந்த கிளப்பிலும் ஆட முடியாதாம்.

சீக்கிரம் நல்லபடியாக முடியட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

எரிச்சலில் எழுதுகிறேன்.

எங்கள் மாதாத்துறைக் கோயிலில் பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில்தான். சுவர் ஓரமாக நாலைந்து வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அது வயசானவர்களுக்கு. இன்று பூசைக்குப் போன இவர் நேராகப் போய் அதில் ஒன்றில் உட்கார்ந்தார். முப்பது வயசு ஆள், இரண்டு கிழவர்களுக்கு நடுவில். நடுப்பூசை மணி அடித்தது. கோயிலே முழந்தாளில் நின்றது. இவர் தலையைக் குனிந்தபடி நாற்காலியிலேயே இருந்தார்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ரெஜீலா அக்கா தொடங்கிவிட்டாள். "ஸ்டார் ஆயாச்சுன்னா முட்டு மடங்காது போல."

"வாயை மூடுங்க அக்கா, அவருக்கு முதுகுவலி" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, இவர் பின்னால் வந்து, "புது பேன்ட், அழுக்காயிரும்னு நெனச்சேன்" என்கிறார். ரெஜீலா அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்று பூராவும் தெருவுக்கு அதுதான் பேச்சு.

மாமி இரவு சாப்பிடவில்லை. மகன் மாதா முன்னால் முழந்தாள் போடாதது அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

ஜூன் 12, புதன்

மாடி அறையிலிருந்து கட்டிலைக் கீழே இறக்கினோம். மழை ஒழுகுகிறது என்று சொன்னேன். மாமி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்க ஒழுகுது?" என்றார். "இனிமே ஒழுகும்" என்றேன்.

படிக்கட்டு இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் சௌகரியம்தானே.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் ஆரம்பித்தேன். பாதிப் பேருக்கு மண்டையில் ஏறவில்லை.

மாலையில் கொச்சியிலிருந்து ஏஜென்ட் பிஜு கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கத்துகிறார்: கேட்டதை எல்லாம் கிளப் கொடுக்கிறதாம், கையெழுத்துப் போட்டு அனுப்பு என்கிறார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். இவர் முகம் செத்துப் போயிருந்தது. லாட்டரி விழுந்தவன் முகமா அது?

ஃபோனை வாய்க்கருகே இழுத்து, "மூணு வருஷத்துக்குக் கேளுங்க பிஜு. ஒரு வருஷம்னா நான் இல்ல" என்றார்.

பிஜு தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டது.

ஜூன் 20, வியாழன்

ஜோஷ்னாவுக்கு மூன்று வயசு. அப்பா என்றால் அவளுக்கு ஃபோன்தான், இரவானால் ஃபோனுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்குவாள். இவர் வந்த புதிதில் இவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பாவைக் கூப்பிடு" என்று ஃபோனைக் காட்டினாள். இன்று இவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இவர் ஷேவ் செய்திருக்கவில்லை. "அப்பா குத்துது" என்று கத்தினாள். ஃபோன் குத்தாதில்லையா.

ஜூன் 27, வியாழன்

மாமிக்குக் காலையில் பேப்பர் படித்தாக வேண்டும், அதுவும் விளையாட்டுப் பக்கம் முதலில். பந்து களி ஆட்டத்தைப் பற்றி இந்த மாதாத்துறையில் மாமிக்குத் தெரியாதது எந்த ஆம்பிளைக்கும் தெரியாது. இன்றைய பேப்பரில் இவர் படத்தைப் போட்டு "பணம் போதாதாம்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

மாமி பேப்பரை மடித்துத் தான் உட்கார்ந்திருந்த பலகையின் கீழே வைத்தார். "ஒனக்க அப்பன் முப்பது வருஷம் கடல்ல கெடந்தான். ஒரு நாளும் காணாதுன்னு சொன்னதில்ல."

இவர் எழுந்து ஜோஷ்னாவுக்குத் தலை சீவப் போனார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்லுவேன்?

ஜங்ஷனில் பையன்கள் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ் இன்னும் நிற்கிறது. இவர் பந்தை அடிக்கிற படம், கால் காதுவரைக்கும் போயிருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க இவர் பால் வாங்கக்கூட சுற்றுவழியில் போகிறார்.

ஜூலை 3, புதன்

கொத்தனார் வந்தார். குளிமுறியில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று. மாமிக்காக என்று சொன்னேன்.

மாமி வாசலில் நின்று சண்டை. "எனக்கு என்னத்துக்கு? எனக்க முட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தா பாரு!" குந்தி உட்கார்ந்து எழுந்து காட்டினார். கொத்தனார் கைதட்டாத குறை.

இவர் இன்று மாலை குளிமுறிக்குப் போய் வெகு நேரம் கழித்து வந்தார். என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

மார்த்தாண்டம் போய்ச் சாப்பாட்டு மேசையும் நாலு நாற்காலியும் வாங்கினேன். ஜோஷ்னா படிப்பதற்கு. அவளுக்கு இன்னும் எழுத்து வரவில்லை என்பது வேறு விஷயம். தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகிய வீடு, மாமி மேசையில் கூடையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்று வருஷத்துக்கும் கிளப் சம்மதம். பிஜுவின் குரல் அழுகிற மாதிரி இருந்தது, சந்தோஷத்தில்.

இவர் நகத்தைக் கடித்தபடி, "கேப்டன் பதவி வேணும். அப்புறம் கடலைப் பார்த்த வீடு. வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் அம்மைக்கும் நெனச்ச நேரம் பிளேன் டிக்கெட்" என்றார்.

"மாமி பிளேன்ல ஏற மாட்டாங்க" என்றேன்.

"கேட்டு வைப்போம்" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் நாற்காலி. மாமி இனி மகனோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். பேச வேண்டியதெல்லாம் ஜோஷ்னா வழியாக. "ஒனக்க அப்பன்கிட்ட சொல்லு, மீன் ஆறுதுன்னு." ஜோஷ்னா ஓடிப்போய், "அப்பா, மீன் ஆறு" என்கிறாள். இவர், "பாட்டிகிட்ட சொல்லு, வாறேன்னு" என்கிறார். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்.

சிரிக்கக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

சாளை மீன் வந்தது. பொரித்தேன், குழம்பு வைத்தேன். மரச்சீனிக் கிழங்கும் அவித்தேன். மழை. இவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஜோஷ்னாவுக்குக் காகிதக் கப்பல் செய்தார். இன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை. நடக்கவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. இரண்டு மாதமாகக் கரையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் எல்லாம் இன்று கடலுக்குப் போனார்கள். ஃபாதர் வந்து விசைப்படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். இனி முப்பது நாளோ நாற்பது நாளோ, கடல் விட்டால்தான் திரும்பி வருவார்கள். மாதா திருவிழாவுக்கு இருந்துவிட்டுப் போகிறோம் என்று கொஞ்சம் பேர் நின்றுகொண்டார்கள். ரெஜீலா அக்காவின் வீட்டுக்காரர் நிற்கவில்லை.

அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒனக்கென்ன பிள்ளே. ஒனக்க ஆளு வீட்டுல இருக்காரு."

அக்காவைத் தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம், அதுவும் அடுத்தவள் அழுகிற நாளில். என்ன பொம்பளை நான் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சந்தோஷம் போகவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியது. பங்கின் அன்பியக் குழுக்களுக்கு இடையே நடக்கும் பந்து களியை வருஷா வருஷம் தொடங்கி வைப்பது இவர்தான், கோவாவிலிருந்து வீடியோவில் வாழ்த்து அனுப்பிவிடுவார். இந்த வருஷம் ஆளே ஊரில் இருந்தும் முதல் உதை உதைக்கப் பங்குப் பேரவை இவரைக் கூப்பிடவில்லை. கடவுளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறவரை எப்படி மைதானத்தின் நடுவில் நிறுத்துவது என்று பேசிக்கொண்டார்களாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இவரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார். பெருமூச்சு விட்டார், உண்மையாகவே நிம்மதியான பெருமூச்சு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வினை வந்துவிட்டது.

கேப்டன் பதவி, கடல் வீடு, பிளேன் டிக்கெட், எல்லாம் சரியாம். கிளப்பின் மேலாளர் மிராண்டா சார் தாள்களோடு நேரில் வருகிறார். திருவிழா அன்றைக்கே வருகிறேன், உங்கள் மாதாவையும் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம். அவரும் கோவாவில் மாதா பக்தர். கையெழுத்தை வாங்கிய கையோடு மறுநாள் கூட்டிக்கொண்டு போவாராம். அங்கே முதல் வேலை மருத்துவப் பரிசோதனை.

இவர் கட்டிலில் உட்கார்ந்தார். "இனி என்னத்தக் கேக்க?" என்று என்னிடம் கேட்டார்.



ஆகஸ்ட் 15, வியாழன். மாதா விண்ணேற்பு

நிறைய எழுத வேண்டும். எல்லோரும் தூங்கட்டும் என்று காத்திருக்கவில்லை, மாமி ஜோஷ்னாவோடு தேர் பார்க்கப் போயிருக்கிறார், வீடு காலி.

மிராண்டா சார் காலை ஒன்பதுக்கு வந்தார். நரைத்த தாடி, பெரிய உடம்பு. ஒரு காலத்தில் நல்ல தடுப்பாட்டக்காரராம், மாமிக்கு அவர் ஆடியதே ஞாபகம் இருந்தது. எந்த வருஷம், யாரைத் தடுத்தார் என்று மாமி தமிழில் சொல்ல, அவர் புரியாமலே தலையாட்டிச் சிரித்தார். தாள்கள் இருந்த பையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் பூசை, பிறகு கையெழுத்து என்றார்.

கோயிலில் நிற்க இடமில்லை. விருந்தாளி என்று அவருக்கு ஒரு வெள்ளை நாற்காலி போட்டார்கள், இவருக்குப் பக்கத்தில். இவர் வழக்கம்போல சுவர் ஓரம். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மணி அடிக்கப் போகிறது, இந்த மனிதர் முழந்தாள் போடுவார், இவர் உட்கார்ந்திருப்பார், இந்த ஊர் நினைப்பதைத்தான் அவரும் நினைப்பார். அல்லது அதைவிட மோசமாக, உண்மையை நினைப்பார்.

மணி அடித்தது. அத்தனை கூட்டமும் சரசரவென்று முழந்தாளில் விழுந்தது. நானும் விழுந்தேன். தலையைத் திருப்பினேன்.

இரண்டு தலைகள் உயரத்தில் இருந்தன. இவர். பக்கத்தில் மிராண்டா சார். இரண்டு பேருமே நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆட்டக் காலத்தில் போன முட்டு அவருக்கு, பிறகுதான் தெரிந்தது, உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்கள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார், திறந்தார், பக்கத்தில் பார்த்தார். மொத்தக் கோயிலும் கீழே இருக்க, இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தன்னுடைய முழங்காலைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். இவர் மாதா பீடத்தைப் பார்த்தார். பிறகு தன் வலது முட்டில் கை வைத்தார்.

நான் குனிந்துகொண்டேன். 

வீட்டுக்கு வந்ததும் பையை யாரும் திறக்கவில்லை. மீன் குழம்பும் மரச்சீனியும் வைத்தேன். மிராண்டா சார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் இங்கிலீஷில் கேட்டார், எப்போதிலிருந்து என்று. மார்ச் மாதத்திலிருந்து என்றார் இவர். கடைசி ஏழு ஆட்டமும் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடினாராம். ஏழு ஆட்டம்! நான் அத்தனையும் டிவியில் பார்த்தேன், மாமி விசிலடித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் அவர். இவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சொன்னா ஒப்பந்தம் போயிரும். சொல்லாம வந்தா பரிசோதனையில பிடிச்சிருவீங்க. முட்டு விஷயம் வெளிய தெரியாம, நீங்களே வேண்டாம்னு சொல்லட்டும்னுதான் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். நீங்க எல்லாத்துக்கும் சரி சரின்னா நான் என்ன செய்ய?"

மிராண்டா சார் சிரித்தார் பாருங்கள், மேசை ஆடியது. பிறகு சிரிப்பு நின்றது. கடைசி ஆட்டங்களில் நீ காலை இழுத்ததை நானும் பார்த்தேன், எங்களுக்கு கோல் வேண்டியிருந்தது, அதனால் கேட்கவில்லை என்றார். நேராக இவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

முடிவு இதுதான்: கேப்டன் கிடையாது, கடல் வீடு கிடையாது, மூன்று வருஷம் கிடையாது. கொச்சியில் கிளப் செலவில் ஆபரேஷன். முட்டு சரியானால் ஜனவரியிலிருந்து பாதி சீசனுக்கு ஒப்பந்தம். சரியாகாவிட்டால் அப்போது பேசுவோம்.

அவர் போனபின் நான் மேசையைத் துடைத்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "மேசை நல்ல மேசை" என்றார்.

"ம்."

"ஒனக்குத் தெரியும்லா?"

துணியைப் பிழிந்தேன். "என்னது?"

"டெல்பின், டாய்லெட் வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும்னு."

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? "வந்த முதல் நாளே தெரியும். ஆட்டோவிலேருந்து எறங்கினப்பவே தெரியும்" என்றேன்.

"பின்ன ஏன் பிள்ளே கேக்கல?"

"கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. போனா சரியாயிரும். சரியானா போயிருவீங்க."

அழுதுவிட்டேன். இவர் எழுந்து வந்தார், மெதுவாக, இனி மறைக்க வேண்டாம் என்பதால் நன்றாகவே நொண்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் இன்னும் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 17, சனி

மாமி நேற்று தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டார். "எனக்க மகனுக்கு முட்டுல சதை கிழிஞ்சு கெடக்கு, நீங்க அகங்காரம்னு சொன்னிய!" தானும் அதையேதான் சொன்னார் என்பதை மறந்துவிட்டார். பலன்: வீட்டுக்கு வீடு எண்ணெய் வருகிறது. சுறா எண்ணெய், வலிக்குப் பூசும் குழம்பு, தைலம், பெயர் தெரியாத பச்சை இலை. ரெஜீலா அக்கா ஒரு பாட்டிலோடு வந்து, இவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

மாமி மகனோடு நேரடியாகப் பேசத் தொடங்கிவிட்டார். ஜோஷ்னாவுக்கு வேலை போயிற்று, வருத்தம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கொச்சி. ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "சாளை கிடைக்குதா ஊர்ல?"

அக்டோபர் 10, வியாழன்

காலையும் மாலையும் பயிற்சி. பிசியோ வீடியோவில் சொல்லித்தருகிறார். மாமி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவர் மாதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். இவர் ஏமாற்றினால் விடுவதில்லை. "முழுசா மடக்கு! இதென்ன மடக்கு?" மாமி இப்போது மேசையில்தான் சாப்பிடுகிறார்.

நவம்பர் 24, ஞாயிறு

இவர் கடற்கரை மணலில் ஓடினார். அந்தப் பெரிய பாறைவரைக்கும் போய்த் திரும்பினார். நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். இந்தச் சிரிப்பை மார்ச்சுக்கு அப்புறம் இன்றுதான் பார்க்கிறேன். வீட்டில் இருந்த இத்தனை மாதமும் சிரித்தார்தான், ஆனால் இது வேறு. எனக்கே தெரிகிறது.

ஆகட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு. திருக்குடும்பத் திருவிழா

கோயிலில் இவர் நாற்காலிப் பக்கம் போகவில்லை. ஆண்கள் பக்கம் நடுவில் தரையில் உட்கார்ந்தார். மாமி என் இடுப்பில் இடித்தார். ரெஜீலா அக்கா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஃபாதர்கூட ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துத்தான் பூசை செய்தார் என்று நினைக்கிறேன்.

மணி அடித்தது. முதலில் இடது முட்டு. பிறகு வலது. நிதானமாக, ஆடாமல் முழந்தாளில் நின்றார்.

மாமி அழுதார். அக்கா அழுதாள். நானும் அழுதேன். எல்லோருக்கும் ஒரே காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள், யாரும் கேட்கவில்லை. எனக்குப் பாதி அதே காரணம்தான். பின்னக் கணக்கு எடுக்கிறவள் நான், அந்தப் பாதி பொய்யில்லை.

சாயங்காலம் தாள்களை மேசையில் விரித்தார். நேற்றே கிளப்பிலிருந்து வந்துவிட்டன. பாதி சீசன், சாதாரண ஒப்பந்தம். அதிகமாக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: கொடியேற்றத்திலிருந்து மாதா திருவிழா முடியும்வரை ஊரில் இருப்பார். அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட்டாலும் அது உண்டு. கேட்ட உடனே கொடுத்தார்களாம். என்னுடைய அடுத்த பள்ளி விடுமுறைக்கு கோவா டிக்கெட்டும் வந்திருக்கிறது, மாமிக்கும் சேர்த்து. மாமி ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று கேட்கிறார்.

பரணிலிருந்து பெட்டியை நான்தான் இறக்கினேன்.

"பேனா எங்க?" என்றார்.

மேசையில் தேடினேன். ஜோஷ்னாவின் பொம்மைக்கூடையில் தேடினேன். அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலும் பார்த்தேன். பேனா என் கொண்டையில் செருகியிருந்தது, எழுதி முடித்தால் எப்போதும் அங்கேதான் செருகுவேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எடு என்று சொல்லவில்லை.

பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன்.